கேட்டியின் ஹவாயன் கித்தார்

பெட்ரோல் போட்டுக் காசு கொடுத்துவிட்டு அரியரட்ணம் திரும்பி வந்தபோது மனைவி காரில் இல்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிக்குக் கீழே, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள் அமலி. 1981 ஆகஸ்ட் மாதம். டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊருக்கு அவர்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"என்னப்பா, ஏறுமன். வெயில் தாங்கேலாமல் கிடக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ. பாட்டு முடியட்டும்."

யாரோ ஓர் ஆண் அடித்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தான். அவன் மூச்சுவாங்க நிறுத்திய இடங்களில், அவன் சொல்லாமல் விட்டதை இன்னொரு குரல் இழுத்து இழுத்துச் சொல்லியது. அது மனிதக் குரல் அல்ல. கித்தாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கவிட்டு வாசிக்கும்போது வருகிற ஒலி. பதினைந்து வயதிலிருந்து அமலி வாசித்துவருவது அந்த வாத்தியத்தைத்தான்.

கல்லாவில் இருந்த பெண்மணி வாசலுக்கு வந்து, "ஸ்டீல் கித்தார் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

அமலி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடம் இங்கிலாந்தில் வாசித்திருக்கிறாள். ஒவ்வொரு மேடையிலும் முதலில் அது என்ன வாத்தியம் என்று விளக்க வேண்டியிருந்தது. "இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னதுகூட உண்டு. இங்கே பெட்ரோல் நிலையத்துப் பெண்மணி அதைப் பெயர் சொல்லி அழைக்கிறாள்.

"பிடிக்கும். நானும் வாசிப்பேன்" என்றாள்.

"என் மாமனாரும் வாசிப்பார்" என்றாள் அந்தப் பெண்மணி, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதைப் போல.

அமலி பிறந்தது யாழ்ப்பாணத்தில், இளவாலையில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். ஐம்பதுகளில் இலங்கையில், அங்கே ஹவாயன் கித்தார் என்று அழைக்கப்பட்ட இந்த வாத்தியத்தின் மோகம் பரவியிருந்த காலத்தில் அவளுடைய அண்ணன் நேசராஜா ஆசைப்பட்டு ஒன்று வாங்கினான். விரல் வலிக்கிறது என்று சில மாதங்களில் ஓரமாக வைத்துவிட்டான். அமலி எடுத்துக்கொண்டாள். 1960இல் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக்குக் கப்பலேறியபோது அவள் பெட்டியைவிடக் கித்தார்ப் பெட்டிதான் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரியின் டிசம்பர் மாத நத்தார் விருந்தில் அவள் வாசித்ததைக் கேட்ட ஒரு நடனக்குழுக்காரர், வார இறுதிகளில் வந்து வாசிக்கும்படி கூப்பிட்டார். பகலில் நோயாளிகள், சனிக்கிழமை மாலையில் கித்தார். எண்ணெய்க் கிணறுகளுக்கான இரும்புத் தளங்களைக் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்த அரியரட்ணம் அப்படியொரு சனிக்கிழமை நடனத்துக்கு நண்பர்களோடு வந்தவன்தான். அவன் சைவக் குடும்பம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேத்தி தாரணி பிறந்ததும் சரியாகிவிட்டது.

வானொலிக்கு அவள் வந்தது பனியால். நகரத்தின் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று அவளைப் பேட்டிக்கு அழைத்திருந்தது. அன்று பார்த்துப் பேட்டி எடுக்க வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டார். தயாரிப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு, "அவர் வரும்வரை ஏதாவது பேச முடியுமா?" என்று கேட்டார். அமலி பேசினாள். இடையிடையே இசைத்தட்டுப் போட்டாள். பனியில் நடந்து போகிறவர்களுக்கு வழியில் எந்தத் தேநீர்க்கடை திறந்திருக்கிறது என்று சொன்னாள். அறிவிப்பாளர் வந்து சேர்ந்தபோது நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. அடுத்த மாதம் அவளை நிரந்தரமாகக் கூப்பிட்டார்கள். தாதி வேலையை விட்டாள். பத்து வருடம், தினமும் பிற்பகலில் அவள் குரல் அந்த ஊரின் சமையலறைகளிலும் லாரிகளிலும் கேட்டது. அந்த ஊர் ஆட்கள் பேசுகிற ராகம் அவள் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்தது.

பிறகு அரியரட்ணத்தைக் கம்பெனி ஹூஸ்டனுக்கு மாற்றியது. கடைசி நாளன்று நிலையத்தில் கித்தார் வடிவத்தில் கேக் வெட்டினார்கள். அமலி சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டு, பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதாள். நாற்பத்தொரு வயதில் இனி யார் கதவைப் போய்த் தட்டுவது என்று நினைத்தாள்.

தட்ட வேண்டிய கதவு கேட்டியில் அவள் கார் ஓட்டப் பழகிய சாலையிலேயே இருந்தது. ஊரைச் சுற்றி அப்போதெல்லாம் நெல்வயல்கள்தான். அவற்றின் நடுவில் தட்டையான ஒரு செங்கல் கட்டடமும், அதன் பின்னால் உயரமான ஓர் இரும்புக் கோபுரமும் நின்றன. ஒரு சின்ன வானொலி நிலையம். பெட்ரோல் நிலையத்தில் கேட்ட பாட்டும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டு முறை அதைக் கடந்து போனவள், மூன்றாவது முறை உள்ளே திரும்பினாள்.

நிலையத்தின் உரிமையாளர் வெர்னன், அறுபதை நெருங்கிய மனிதர். காலில் பூட்ஸ், மேசைமேல் தொப்பி. அவள் நியூகாசிலில் செய்த வேலையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கே நாங்கள் என்ன ஒலிபரப்புகிறோம் என்று தெரியுமா, அம்மா?"

"தெரியும். வந்த நாள்முதல் கேட்கிறேன். நெல் விலை, மழை, பாட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்."

வெர்னன் மேசையில் கிடந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். அன்றைய நெல் விலை. வாசிக்கச் சொன்னார். அமலி வாசித்தாள். நியூகாசில் கேட்போருக்கு மாலை வணக்கம் சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தாள். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, "இந்த ஹண்ட்ரட்வெயிட் என்பது எத்தனை பவுண்டு?" என்று கேட்டாள்.

"நூறு. பெயரிலேயே இருக்கிறதே."

"எங்கள் ஊரில் நூற்றுப்பன்னிரண்டு."

"அப்படியானால் உங்கள் ஊரில் யாரும் நெல் விற்கப் போகக்கூடாது" என்றார் வெர்னன். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நீங்கள் வாசித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் நெல் விலை இறங்கியிருக்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை வாருங்கள்."

முதல் வாரம் தொலைபேசி ஓயவில்லை. நிலையத்தை இங்கிலாந்து ராணி வாங்கிவிட்டாரா என்று ஒருவர் கேட்டார். அந்தம்மாவைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள், நான் டிராக்டரில் இருக்கிறேன் என்றார் இன்னொருவர். அமலி மெதுவாக வாசித்தாள். மாதக் கடைசியில் அவள் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட, வெர்னனே வாசித்தார். அன்றைக்கும் தொலைபேசி ஓயவில்லை. அந்தம்மா எங்கே என்று கேட்டார்கள்.

விலை வாசித்து முடித்தபின் ஒரு மணி நேரம் பாட்டுப் போடும் பொறுப்பும் மெல்ல அவளிடம் வந்தது. டெக்சஸ் பாட்டுகளுக்கு நடுவே நியூகாசிலிலிருந்து கொண்டுவந்த தன் இசைத்தட்டுகளையும் செருகினாள். ஒருநாள், போட வேண்டிய தட்டில் கீறல் விழுந்திருந்ததால், அந்த இடத்தைத் தன் கித்தாரை வாசித்து நிரப்பினாள். பக்கத்து அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வெர்னன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வெர்னன் சனிக்கிழமைகளில் பிடில் வாசிப்பவர். பக்கத்து ஊரில் ஒரு மரத்தாலான நடனக்கூடம் உண்டு. வாரம் முழுக்க வயலிலும் கடையிலும் நின்றவர்கள் சனிக்கிழமை மாலை அங்கே குடும்பத்தோடு வந்து ஆடுவார்கள். வெர்னனின் குழுதான் அங்கே வாசிக்கும். 1982 வசந்தத்தில், குழுவில் ஸ்டீல் கித்தார் வாசித்த அவருடைய மைத்துனர் லியோன், வண்டியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை மாலையில் என்ன செய்வீர்கள்?" என்று வெர்னன் அமலியைக் கேட்டார்.

"துணி துவைப்பேன்."

"இந்த வாரம் அழுக்குத் துணியோடு இருக்க முடியுமா?"

என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதில் வீட்டில் சின்ன வாக்குவாதம் நடந்தது. பன்னிரண்டு வயது தாரணிக்கு அம்மா ஜீன்ஸ் போட வேண்டும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது அது. நியூகாசில் ஆங்கிலம் போய் டெக்சஸ் இழுவை வரத் தொடங்கியிருந்தது. "மம், நோபடி வேர்ஸ் எ ஸாரி டு எ டான்ஸ் ஹால்" என்றாள். அமலி ஜீன்ஸைப் போட்டுப் பார்த்தாள். கித்தார் முழங்கால்வரை வழுக்கிக்கொண்டு போனது. சேலை மடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். இங்கிலாந்தில் இருபது வருடமும் அவள் சேலையில்தான் வாசித்தாள். நீலப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

முதல் பாட்டு சரியாக வரவில்லை. அந்த ஊர்த் தாளம் அவள் கைக்குப் பிடிபடாமல் முன்னால் ஓடியது. அவள் அரையடி பின்னால் வந்தாள். ஆடுகிறவர்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்றினார்கள். வெர்னன் அவள் பக்கம் திரும்பி நின்று, பூட்ஸ் காலால் பலகையைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது பாட்டில் அவள் கம்பியைப் பார்ப்பதை விட்டு அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். மூன்றாவது பாட்டில் பிடில் ஒரு வரி வாசித்து நிறுத்தியபோது, அவள் அதற்குப் பதில் சொன்னாள். வெர்னன் புருவத்தைத் தூக்கிவிட்டு இன்னொரு வரி வாசித்தார். அதற்கும் பதில் வந்தது. ஒரு வயதான தம்பதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்கள். அரியரட்ணம் சுவரோரமாக எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையோடு நின்றான். தன் கால் தாளம் போடுவது அவனுக்குத் தெரியவில்லை. தாரணிக்குத் தெரிந்தது.

இடைவேளையில் லியோன் மாவுக்கட்டுக் கையோடு மேடைக்கு வந்தார். அமலி எழுந்து நின்றாள்.

"உட்காருங்கள். கை சரியானதும் இன்னொரு நாற்காலி போட்டால் போகிறது" என்றார் லியோன். அப்படியே போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குழுவில் இரண்டு ஸ்டீல் கித்தார்.

1983 ஜூலைக் கடைசியில் கொழும்பிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் எரிக்கிறார்கள், ஆட்களைக் கொல்கிறார்கள் என்றார்கள். அண்ணன் நேசராஜா மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தான். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவே இல்லை. அரியரட்ணம் மாறி மாறி எண்களைச் சுழற்றினான். லண்டனில் இருந்த உறவினர்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

அமலி வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒலிவாங்கியின் முன்னால் நெல் விலையின் முதல் வரியை வாசித்தாள். பிறகு மறுபடியும் முதல் வரியையே வாசித்தாள். அதைத் திரும்பவும் தொடங்கியபோது வெர்னன் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன நடந்தது?"

சொன்னாள். வெர்னனுக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. சுவரில் இருந்த உலகப்படத்தில் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள்.

"இந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள்?"

"ஹூஸ்டன், கால்வெஸ்டன் எல்லாம் சேர்த்தால் கொஞ்சக் குடும்பங்கள். இந்தியத் தமிழர்கள் இன்னும் கூடுதல்."

"ஞாயிறு காலை, பிரசங்கத்துக்கு முன்னால், அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஷையில் பேசுங்கள். யாருக்கு என்ன தெரியுமோ நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டும்."

இத்தனை வருட வானொலி வாழ்க்கையில் அமலி ஒலிவாங்கியில் ஒருமுறைகூடத் தமிழ் பேசியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினாள். தெரிந்ததை மட்டும் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அரியரட்ணம் பக்கத்து அறையில் தொலைபேசியை எடுத்து, யார் யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு உள்ளே வந்து சொன்னான். அவள் அந்தப் பெயர்களை வாசித்தாள். ஒருவருக்குப் பம்பலப்பிட்டியில் தங்கை, இன்னொருவருக்குத் தெகிவளையில் தாயும் தகப்பனும். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். சிலருக்கு நல்ல செய்தி வந்தது. சிலருக்கு வந்த செய்தியை அவள் ஒலிபரப்பவில்லை. அரியரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கு நேரில் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் கால்வெஸ்டனிலிருந்து நவரத்தினம் என்ற மருத்துவர் கூப்பிட்டார். நேரில் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

"பிள்ளை, உம்மடை தமையன் நேசராஜா துறைமுகத்திலை வேலை செய்தவரோ?"

"ஓம்."

"என்ரை தங்கச்சி ஆக்களை அகதிக் கப்பலிலை காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து இறக்கினவங்கள். நேற்றுத்தான் கதைச்சவ. அதே கப்பலிலை உங்கடை ஆக்களும் வந்தவையாம். நாலு பேரும் சுகம். வீடு இல்லை. ஆக்கள் சுகம்."

பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அமலி ஒலிவாங்கியைத் திறந்தாள். "இப்ப ஒரு நல்ல செய்தி வந்திருக்கு. அது என்ரை வீட்டுச் செய்தி" என்றாள். மீதி நேரத்துக்குக் கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தை வெர்னன் திரும்பக் கேட்கவில்லை. செய்திகள் குறையக் குறையப் பாட்டுகள் கூடின. அந்த ஆண்டுக் கடைசியில், சுடிதாரும் குளிர்க் கண்ணாடியுமாக ஒரு பெண் கைப்பை நிறையக் கேசட்டுகளோடு நிலையத்துக்குள் வந்தாள்.

"நீங்கதானே அமலி? நான் பர்வதம். மாம்பலம். இப்போ ஷுகர்லேண்ட்ல இருக்கோம். உங்க ப்ரோக்ராம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"என் ஹஸ்பண்ட் பத்மநாபன் இதை மலையாள ப்ரோக்ராம்னு நினைச்சு ஒவ்வொரு வாரமும் ஆஃப் பண்ணிட்டிருந்தார். நான்தான் ஒருநாள் கிச்சன்லேர்ந்து கேட்டுட்டு, இல்ல இல்ல, இது நம்ம பாஷைன்னேன். எங்க மலையாளி ஃப்ரெண்ட் ஒருத்தர் வேற, இது கேரளாவில எந்த டிஸ்ட்ரிக்ட்னு கேட்டு போன் பண்றார்."

அமலிக்குச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "அப்ப என்ன செய்வம்?" என்றாள்.

"நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். நீங்க கதைங்க. நான் பேசறேன்."

அப்படித்தான் ஆனது. அமலி "பேந்து" என்றால் பர்வதம் "அப்புறம்" என்பாள். பர்வதம் "சீக்கிரம்" என்றால் அமலி "கெதியா" என்பாள். சில வாரங்களில் அது சண்டை மாதிரி ஆகி, சண்டையைக் கேட்பதற்கென்றே ஆட்கள் ரேடியோவைத் திறந்தார்கள். பாட்டுப் போட நேரம் போதாமல் நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாக்க வேண்டி வந்தது. கண் மருத்துவரான பத்மநாபன் ஒவ்வொரு வாரமும் தவறாமல் தொலைபேசியில் வந்து, எப்போதும் மனைவிக்கு எதிராக யாழ்ப்பாணத்துக்கே வாக்களித்தார்.

1986இல் எண்ணெய் விலை விழுந்தது. ஹூஸ்டன் முழுக்க வீட்டு வாசல்களில் விற்பனைப் பலகைகள் முளைத்தன. அரியரட்ணத்தின் கம்பெனி ஹூஸ்டன் அலுவலகத்தையே மூடியது. கிரீன் கார்ட் கைக்கு வந்திருந்ததால் நாட்டை விட்டுப் போக வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அப்ளை பண்ணிய இடங்களிலெல்லாம் ஒரே பதில்தான். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல், புல் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் நியூகாசில் நிலையத்திலிருந்து அமலிக்கு அழைப்பு வந்தது. பழைய தயாரிப்பாளர் இப்போது அங்கே பெரிய பதவியில் இருந்தார். பிற்பகல் நிகழ்ச்சி மறுபடியும் காலியாகிறது, வருகிறாயா என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் அவள் அதைக் கணவனிடம் சொன்னாள்.

"அதே நேரம், அதே நிகழ்ச்சி. வரச் சொல்லீனம்."

"உமக்கு விருப்பமோ?"

"உங்களுக்கு இஞ்சை வேலை இல்லை. அங்கை போனா ஏதாவது..."

"நான் அதைக் கேக்கேல்லை. உமக்கு விருப்பமோ?"

அமலி யோசித்தாள். நியூகாசிலின் மழையை, பஸ்ஸை, அந்தச் சிவப்புக் கதவு ஸ்டூடியோவை யோசித்தாள். எதிலும் குறை இல்லை.

"கூப்பிட்டது சந்தோஷமாக் கிடக்கு. ஆனா போக வேணும் போலை இல்லை. சனிக்கிழமை இல்லாமல் நான் என்ன செய்யிறது?"

"அப்ப இருப்பம்" என்றான் அரியரட்ணம். "எனக்கும் உந்தக் குளிரை நினைச்சாலே முழங்கால் நோகுது."

அவன் தாரணி படித்த உயர்நிலைப்பள்ளியில், விடுப்பில் போன கணித ஆசிரியருக்குப் பதிலாகச் சில வாரம் பாடம் எடுக்கப் போனான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டுதான் போனான். முதல் வாரம் தொண்டை கட்டியது. இரண்டாவது வாரம், வேலி போடாத குளத்தைப் பற்றி ஏதோ ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசையில் தூங்கும் ஒருத்தி எழுந்து, அது எங்கள் வீட்டுக் குளம் என்றாளாம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். மறுநாள் வேறொரு கதை. வேலை தேடுவதை அவன் எப்போது நிறுத்தினான் என்று அமலிக்கே தெரியவில்லை. தகுதிப் பரீட்சை எழுதி, அடுத்த கல்வியாண்டில் பௌதிக ஆசிரியராகச் சேர்ந்தான். பிள்ளைகள் வாயில் அவன் பெயர் நுழையாததால் மிஸ்டர் ஏ ஆனான். தாரணி மட்டும் நடைபாதையில் அவனைத் தெரியாதவள் போலக் கடந்து போனாள். அதுவும் ஒரு வருடம்தான். பிறகு அவள் ஆஸ்டினுக்குக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

வீட்டில் ஆள் குறைந்த அந்த 1988இல் அமலி ஒரு காரியம் செய்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் போட்ட மெட்டுகளைத்தான் வாசித்திருக்கிறாள். ஒரு விடுமுறை நாள், சோறு வேகிற நேரத்தில் சும்மா கம்பியைத் தடவிக்கொண்டிருந்தபோது, தனக்குத் தெரியாத ஒரு மெட்டு கையில் வந்தது. மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி, நடுவில் கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறுகிற மெட்டு. எங்கேயாவது கேட்டதோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டாள். வெர்னனிடம் வாசித்துக் காட்டினாள். லியோனிடமும் காட்டினாள். யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

ஒத்திகையில் வெர்னன் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டே, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

பெயர் எதுவும் அவள் யோசித்திருக்கவில்லை. மெட்டு வந்த பொழுதையே சொன்னாள். "மத்தியானம்."

"மட்டி?"

"மத்-தி-யா-னம்."

"மட்டி ஆனி" என்று எழுதினார் வெர்னன். அந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்குச் சேறு பூசிய ஆனி என்று பொருள். அமலி திருத்த வாயெடுத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அந்த மெட்டுக்கு எல்லோரும் ஆடினார்கள். யார் இந்த ஆனி என்று கேட்டவர்களிடம், நெல்வயலில் வழுக்கி விழுந்து, எழுந்து, அப்படியே நடனத்துக்கு வந்துவிட்ட பெண் என்று வெர்னன் கதை அளந்தார். அடுத்த வாரம் அந்தக் கதை நடனக்கூடத்தில் வளர்ந்து, ஆனிக்கு ஒரு காதலனும் ஒரு கழுதையும் சேர்ந்திருந்தார்கள். நிலையத்துக்குத் தொலைபேசியில் ஆனியைக் கேட்டார்கள். தமிழ் நிகழ்ச்சியில் பர்வதம் உண்மையை உடைத்தாள்.

"நேயர்களே, அது ஆனியும் இல்ல, சேறும் இல்ல. நம்ம மத்தியானம். இந்த ஒரு வார்த்தையிலயாவது எங்க ரெண்டு பேருக்கும் சண்டை கிடையாது."

அடுத்த வசந்தத்தில் ஒரு நெல் விவசாயி தன் மகள் கல்யாணத்துக்குக் குழுவைக் கூப்பிட்டார். மகள் பெயர் உண்மையிலேயே ஆனி. மணமக்களின் முதல் ஆட்டத்துக்கு அந்த மெட்டுத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தோட்டத்தில், வாதுமை மரங்களுக்குக் கீழே பலகை போட்டு மேடை அமைத்திருந்தார்கள். வாசிப்பதற்கு முன்னால் மணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமலியிடம் வந்தாள்.

"அந்த ஆனி யார் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள்தான் எழுதியது என்றார்கள்."

அமலி அவளிடம் உண்மையைச் சொன்னாள். அப்படி ஒரு பெண்ணே கிடையாது, என் பாஷையில் பகல் பொழுதுக்கு ஒரு சொல், அவ்வளவுதான் என்றாள். மணப்பெண் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் வரவில்லை. உதட்டைக் குவித்து, நிதானமாக மறுபடி முயன்றாள். வந்துவிட்டது.

"அப்படியானால் இது என் பாட்டு இல்லையா?"

"இன்றைக்கு உன்னுடையதுதான்" என்றாள் அமலி.

அவர்கள் ஆடினார்கள். பிறகு ஊரே ஆடியது. வெர்னனின் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்ததில் அரியரட்ணமும் இரண்டு சுற்று ஆடினான். கால் எங்கெங்கோ போனாலும் விழவில்லை. சாப்பாடு முடிந்து, ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. போகிற வழியில் கடையில் பால் வாங்க வேண்டும் என்று அமலி நினைவூட்டினாள். அரியரட்ணம் ஓம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.